பாம்புச் சட்டை துண்டு துண்டாக உரிகிறது: வெப்பத்திலா, ஈரப்பதத்திலா, எங்கே தவறுகிறேன்?

புற்றுமண் (முதல் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பதினாறு மாத வயதுள்ள பெண் பந்து மலைப்பாம்பு ஒன்று இருக்கிறது. எடை 610 கிராம். தொடக்கத்தில் சட்டையை ஒரே உறையாகக் கழற்றிப் போட்ட பாம்பு, கடந்த இரண்டு முறையும் துண்டு துண்டாகவே உரித்திருக்கிறது. நேற்று எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினொரு துண்டுகள் இருந்தன. வால் நுனியில் பழைய தோல் மோதிரம்போல் இறுகிக் கிடக்கிறது. இடக்கண்ணின் மேலிருந்த செதில் கழன்று வராமல் சுருக்கத்தோடு ஒட்டியிருக்கிறது. நான்கு நாட்களாக மூச்சு விடும்போது மெல்லிய 'டிக்' என்ற ஒலியும் கேட்கிறது.

கூண்டு 90 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டி. அதன் மூடி முழுவதும் கம்பிவலை. ஒரு பக்கத்தில் தரைக்கு அடியில் ஹீட் மேட்டும் (மின்சாரத்தால் சூடாகும் விரிப்பு), அதே பக்கத்தில் மேலே, ஒளியில்லாமல் வெப்பம் மட்டும் தரும் ஒரு செராமிக் ஹீட்டரும் வைத்திருக்கிறேன். கண்ணாடிச் சுவரில் ஒட்டியுள்ள முள் வைத்த ஈரப்பதமானி எப்போதும் 70 விழுக்காட்டில் நிற்கிறது. அதன் அருகிலுள்ள வெப்பமானி 32 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளிக்கிறேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பாம்பு ஏன் நலமாக இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை. கண்ணில் ஒட்டிய செதிலை முனை மழுங்கிய இடுக்கியால் எடுத்துவிடலாமா என்பதே இப்போதைய அவசரக் கேள்வி.

நிழல்வேர்

இடுக்கியைத் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள். பாம்புக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாகக் கண்ணை மூடி நிற்பது ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில்தான். சட்டை உரியும்போது அந்தச் செதிலின் மேலடுக்கு மட்டும் கழன்று வர வேண்டும். இடுக்கியால் இழுக்கும்போது பழைய அடுக்கோடு உயிருள்ள அடுக்கும் சேர்ந்து பெயர்ந்தால், கீழே இருக்கும் விழிவெண்படலம் வறண்டு பார்வையே போய்விடும். காற்றின் ஈரத்தைச் சரி செய்தால், ஒட்டியிருக்கும் செதில் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு தானாகவே வந்துவிடும். இரண்டாவது முறையும் வரவில்லையென்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

வால் வளையம் காத்திருக்கக்கூடியது அல்ல. அது இறுகினால் நுனிக்கு இரத்த ஓட்டம் நின்று வால் கருத்துவிடும். காற்றுத் துளைகளுள்ள ஒரு பெட்டியில், 28 முதல் 30 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை விரித்து, பாம்பை அரை மணி நேரம் அதனுள் ஊர விடுங்கள். மூச்சில் ஒலி இருப்பதால் நீரில் மூழ்க வைக்க வேண்டாம், ஈரத்துண்டே போதும். பிறகு அதே துண்டை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு வாலைத் தளர்வாகப் பிடித்தால், பாம்பு தன் போக்கில் முன்னே நகரும்போது வளையம் துணியில் சிக்கிப் பின்னால் உருளும். நீங்கள் இழுக்கக் கூடாது. அது நகர வேண்டும்.

இப்போது எண்களுக்கு வருவோம். ஈரப்பதமானி காட்டும் விழுக்காடு, காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதன் அளவு அன்று; அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதன் அளவு. 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். 32 டிகிரியில் அதே காற்று ஏறத்தாழ 34 கிராம் தாங்கும். ஆகவே குளிர்ந்த பக்கத்தில் 70 விழுக்காட்டில் இருக்கும் காற்று, ஒரு சொட்டு நீரைக்கூட இழக்காமல் வெப்பப் பக்கத்துக்கு நகர்ந்தாலே அங்கே ஏறத்தாழ 47 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, உங்கள் செராமிக் ஹீட்டர் சூடாக்கும் காற்று மேலெழுந்து, கம்பிவலை வழியே ஈரத்தையும் சுமந்துகொண்டு வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப அறையின் வறண்ட காற்று உள்ளே வருகிறது. புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். நீங்கள் தெளிக்கும் தண்ணீர் அரை மணி நேரம் முள்ளை உயர்த்திவிட்டு வெளியே போய்விடும்.

அதனால்தான் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தனித்தனிக் கணக்காகப் பார்ப்பது பிழை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஹீட்டரைக் கூட்டினால் காற்று வறள்கிறது. வறட்சிக்கு அஞ்சித் தண்ணீர் ஊற்றினால் தரை நனைந்து குளிர்கிறது. குளிர்கிறதே என்று மறுபடியும் ஹீட்டரைக் கூட்டுகிறோம்.

இந்தப் பாம்பின் சொந்த இடத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். இது ஆப்பிரிக்காவின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் புல்வெளிகளையும் திறந்த காடுகளையும் சார்ந்து வாழ்வது. அந்நிலம் வறண்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, இதற்கும் வறண்ட கூண்டு போதும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அது பகல் முழுவதும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட ஈரமானது, அசையாதது. உங்கள் பெயரே புற்றுமண் என்றிருக்கிறது. அந்தப் புற்றின் உட்புறத்தைத்தான் நாம் கண்ணாடித் தொட்டிக்குள் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

நான் வைத்திருக்கும் அளவுகள்: வெப்பப் பக்கத்தில் பாம்பு படுக்கும் பரப்பு 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கத்தின் காற்று 25 முதல் 27, இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே இறங்குவதில்லை, ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு. சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் மானி, தரையில் கிடக்கும் பாம்பு மூச்சுவிடும் காற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. முதலில் அதைச் சோதித்துவிட்டு வாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, ஈரமணல் பதத்துக்கு வரும் அளவு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். ஈர உப்பைச் சுற்றியுள்ள காற்று அறை வெப்பத்தில் 75 விழுக்காட்டில் நிலைபெறும். மானி வேறு எண்ணைக் காட்டினால், அந்த வேறுபாடுதான் அதன் பிழை.

இரட்டைநாக்கு

நிழல்வேர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும் 80 என்ற எண்ணைப் புதியவர்களிடம் சொல்லும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நானும் அந்த எண்ணைத் துரத்தியவன்தான். தேங்காய் நார்த்தூள் படுகையில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மானி 80ஐத் தொட்டது. எனக்கு மனநிறைவாக இருந்தது. ஐந்து வாரம் கழித்து எடை பார்க்கப் பாம்பைத் தூக்கியபோது, வயிற்றின் அகன்ற செதில்கள் ஆறேழு இடங்களில் பழுப்பேறி, அவற்றுள் இரண்டில் அரிசியளவு நீர்க்கொப்புளங்கள் இருந்தன. செதில் அழுகல் என்று மருத்துவர் சொன்னார். கிருமிநாசினிக் கரைசலால் துடைப்பதும், படுகையை எடுத்துவிட்டு வெறும் காகிதத்தில் வைப்பதும், ஊசி மருந்துமாக இரண்டு மாதம் போயிற்று. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. அதனால் நான் 60க்கு மேல் போவதில்லை. என் பாம்பு முழுச் சட்டையாகவே உரிக்கிறது.

நிழல்வேர்

நீங்கள் பட்டதைப் படிக்க வருத்தமாக இருந்தது. ஆனால் அந்த அழுகலுக்குக் காரணம் 80 விழுக்காட்டுக் காற்று அன்று, நனைந்த தரை. இரண்டும் வெவ்வேறு. காற்று ஈரமாக இருக்கும்போதே வயிறு படும் இடம் உலர்ந்திருக்க முடியும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

அதற்கு என் வழி இது. படுகையைக் குறைந்தது எட்டுப் பத்து செ.மீ. ஆழத்துக்குப் போடுகிறேன்: தேங்காய் மட்டைத் துண்டுகளும் நார்த்தூளும் கலந்தது. (தேவதாரு போன்ற நெடியுள்ள மரத்தூள் வேண்டாம், அதன் எண்ணெய் ஆவி நுரையீரலுக்குக் கேடு.) தண்ணீரை மேலே தெளிக்காமல் நான்கு மூலைகளிலும் மெல்ல ஊற்றினால் அது அடியடுக்கில் பரவுகிறது. மேலடுக்கு இரண்டு விரல் ஆழத்துக்கு உலர்ந்தே இருக்கும். அடியடுக்கின் ஈரம் நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஆவியாகி மேலே வரும். என் கூண்டில் பத்து நாளைக்கு ஒரு முறை ஊற்றினால் போதுமானதாக இருக்கிறது. மேற்பரப்பில் உள்ளங்கையை அழுத்தி எடுத்துப் பார்ப்பேன். கையில் ஈரம் ஒட்டினால் அந்த வாரம் ஊற்ற மாட்டேன். எந்த மானியைவிடவும் இந்தச் சோதனையை நான் நம்புகிறேன்.

கம்பிவலை மூடியில் ஏறத்தாழ முக்கால் பங்கை அலுமினியத் தாளாலோ தடித்த பிளாஸ்டிக் தகட்டாலோ மூடுங்கள். ஹீட்டருக்கு நேர் கீழேயும் சுற்றிலும் எதுவும் இருக்கக் கூடாது; எதிர்மூலையில் ஒரு திறப்பு இருக்கட்டும். முழுவதும் அடைத்துவிட்டால் காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியில் நாள் முழுவதும் நீர்த்துளி வழிந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

இவற்றோடு, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி (ஈரத்தைத் தேக்கி வைக்கும் ஒருவகைப் பாசி) நிரப்பிய மூடிய டப்பா ஒன்றைப் பாம்பு நுழையும் அளவு துளையிட்டு, வெப்பப் பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வையுங்கள். கண்கள் பால்போல் மங்கும் நாட்களில் அது தானே தேடிப் போய்ப் படுக்கும். அந்த நாட்களில்தான் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே நீர்மம் ஊறுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் அது போதிய அளவு ஊறாமல் இரண்டு அடுக்குகளும் ஒட்டிக்கொள்கின்றன. தோல் துண்டு துண்டாக வந்தால், கோளாறு உரித்த நாளில் தொடங்கவில்லை, பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மருந்துப்பை

ஊர்வன மருத்துவமனையொன்றில் உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். எல்லோரும் சட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், அந்த 'டிக்' ஒலியை நினைவூட்ட விரும்புகிறேன்.

மூக்குத் துளையில் பழைய தோல் ஒட்டியிருந்தாலும் இந்த ஒலி வரும். அது அடுத்த சட்டையோடு போய்விடும். ஆனால் நுரையீரல் தொற்றும் இப்படித்தான் தொடங்குகிறது. பாம்பைக் காதருகே வைத்துக் கேளுங்கள். வாயோரத்தில் நுரையோ கோழையோ தெரிந்தாலும், வாயைத் திறந்து மூச்சு விட்டாலும், தலையை மேல்நோக்கித் தூக்கியபடியே கிடந்தாலும், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பாம்புக்கு உதரவிதானம் இல்லாததால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியே தள்ள அதற்கு முடியாது. சேர்ந்த சளி நுரையீரலிலேயே தங்கிவிடும்.

பாம்பின் நோய் எதிர்ப்புத் திறன் அதன் உடல் வெப்பத்தைச் சார்ந்தே வேலை செய்கிறது. அந்த வெப்பத்தை அது வெளியிலிருந்துதான் பெற வேண்டும். 24 டிகிரியில் கிடக்கும் பாம்புக்கு ஊசி போட்டாலும் மருந்து உரிய முறையில் உடலில் பரவாது. ஆகவே மருத்துவர் மருந்து எழுதும்போதே கூண்டின் வெப்பத்தை அந்த இனத்துக்குரிய வரம்பின் மேல் எல்லையில் வைக்கச் சொல்வார். எந்த மருந்து என்பதைச் சளியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பித் தீர்மானிப்பதே முறை. வீட்டில் மீந்த ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாம்புகளில் சிலவற்றின் சிறுநீரகம் மீளவில்லை. மலைப்பாம்புகளில் நைடோவைரஸ் என்ற தொற்றும் உண்டு. 2014இல் பந்து மலைப்பாம்புகளில்தான் அது முதலில் விவரிக்கப்பட்டது. வெப்பமும் ஈரமும் சரியாக இருந்தும் மூச்சுக் கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் அதற்கான சோதனையையும் கேளுங்கள். வேறு பாம்புகள் இருந்தால், இந்தப் பாம்பைத் தொட்ட கையோடு அவற்றைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: கழிவோடு வரும் வெள்ளைக் கட்டியைப் பாருங்கள், அது யூரேட். நீர் போதிய அளவு குடிக்கும் பாம்பின் யூரேட் வெண்மையாக, விரலால் நசுக்கினால் குழையும். மஞ்சளேறிக் கல்லாக இறுகியிருந்தால் உடல் நெடுநாளாக வறண்டிருக்கிறது. அந்த வறட்சி நீடித்தால் யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் படிந்து உயிரையே வாங்கிவிடும். சட்டையைப் பார்ப்பது போலவே இதையும் பார்க்கப் பழகுங்கள்.

புற்றுமண்

மூன்று பேருக்கும் நன்றி. உப்புச் சோதனையை நேற்றிரவு செய்தேன். 75 காட்ட வேண்டிய முள் 94 காட்டுகிறது. அதாவது நான் 70 என்று நம்பியிருந்த நாட்களில் சுவரருகேகூட ஏறத்தாழ 51தான் இருந்திருக்கிறது. கடன் வாங்கிய டிஜிட்டல் மானியை மறைவிடத்துக்குள் தரையோடு வைத்தபோது, வெப்பப் பக்கத்தில் 38 விழுக்காடு காட்டியது. அதைப் பார்த்து நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

யூரேட் மஞ்சளாகத்தான் இருந்தது, நசுங்கவில்லை. வாயில் நுரை இல்லை, ஆயினும் நாளை மறுநாள் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிவிட்டேன். அகச்சிவப்பு வெப்பமானியால் தரையை அளந்தபோது, ஹீட் மேட்டுக்கு நேர் மேலே படுகையை விலக்கிய இடத்தில் 46 டிகிரி இருந்தது. மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் 32 என்றுதான் வைத்திருக்கிறேன். இது எப்படி நடக்கும்?

சீர்வெப்பம்

ஹீட் மேட்டை உடனே அணைத்துவிட்டு இதைப் படியுங்கள். தெர்மோஸ்டாட்டுக்குத் தன் சென்சார் முனை இருக்கும் இடத்தின் வெப்பம் மட்டுமே தெரியும். பாம்பு ஊர்ந்து முனையை நகர்த்தியிருக்கும், அல்லது முனை தண்ணீரில் நனைந்திருக்கும்; இரண்டிலும் அது 'இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது' என்றே படித்து மேட்டுக்கு மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். இதே தவறால் என் சோளப்பாம்பின் வயிற்றில் தீப்புண் ஏற்பட்டது. பரப்பு சுடும்போதும் பாம்பு பல நேரங்களில் விலகிப் போவதில்லை. மேலே இருக்கும் காற்று குளிர்ந்திருந்தால், வெப்பம் தேடி அந்தச் சூட்டின் மேலேயே படுத்துக்கொள்ளும். அன்று காலை மறைவிடத்தைத் தூக்கியபோது அது அசையாமல் கிடந்தது. வயிற்றில் உள்ளங்கையளவுக்குச் செதில்கள் சிவந்து விளிம்பு மடிந்திருந்தன. சென்சார் முனை ஒரு சாண் தள்ளி, தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில் கிடந்தது.

முனையை மேட்டுக்கும் தொட்டியின் அடிக் கண்ணாடிக்கும் நடுவில், வெளிப்புறத்தில், நாடா போட்டு ஒட்டுங்கள். பாம்பால் அங்கே எட்ட முடியாது. தொட்டிக்கு உள்ளே நாடா எதுவும் வேண்டாம். அதில் ஒட்டிக்கொண்டு தோல் கிழிந்த பாம்புகள் உண்டு. பிறகு உட்புறப் பரப்பை அளந்து, அது 32 காட்டும் வரை தெர்மோஸ்டாட்டின் எண்ணைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். வெளியே வைத்த எண்ணும் உள்ளே கிடைக்கும் வெப்பமும் ஒன்றாக இருக்காது. ஆழமான படுகை போடப் போவதால், மேட்டைவிட மேலிருந்து வரும் வெப்பத்தையே முதன்மையாகக் கொள்ளுங்கள். தடித்த படுகை மேட்டின் வெப்பத்தை அடியிலேயே அடைத்துவிடும், அதைத் தோண்டிக்கொண்டு இறங்கும் பாம்பு நேராகச் சூட்டின் மேல் போய் விழும்.

செராமிக் ஹீட்டருக்குத் தனித் தெர்மோஸ்டாட் வேண்டும். சிறு துடிப்புகளாக மின்சாரத்தை விடும் வகை அதற்கு ஏற்றது. ஒளிரும் ஹாலஜன் விளக்கு வைப்பவர்களுக்கு ஒளியை மங்கச் செய்து கட்டுப்படுத்தும் வகை வேண்டும். இல்லையென்றால் விளக்கு அணைந்து அணைந்து எரிந்து விரைவில் கெட்டுப்போகும். ஹீட்டர் கூண்டுக்குள் இருந்தால் கம்பிக்கூடு கட்டாயம்.

வளைக்குள்

இடையே ஒரு சிறு கேள்வி. என்னிடம் இருப்பது சோளப்பாம்பு. இதே அளவுகளை வைக்கலாமா?

நிழல்வேர்

வேண்டாம். அதற்கு வெப்பப் பக்கம் 29 முதல் 31 டிகிரி, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25, ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு என்பதே பொருந்தும். சட்டை உரிக்கும் நாட்களில் ஈரப்பாசி டப்பா மட்டும் சேர்த்தால் போதும். மணல் போவா போன்றவற்றுக்கு இதைவிட வறட்சி வேண்டும்; பச்சை மர மலைப்பாம்புக்கு ஈரம் மிகுதியாகவும் காற்றோட்டம் நன்றாகவும் வேண்டும்.

இரட்டைநாக்கு

மூலையில் ஊற்றும் முறையை இந்த ஆறு நாட்களாகச் செய்து பார்த்தேன். மானி 72ஐ விட்டு இறங்கவில்லை; மேற்பரப்பு உலர்ந்தே இருக்கிறது. என் பழைய அனுபவத்திலிருந்து நான் எடுத்த முடிவு தவறு என்று இப்போது தோன்றுகிறது. வயிற்றுச் செதில்களை வாரம் ஒரு முறை விளக்கொளியில் பார்ப்பதை மட்டும் விடமாட்டேன்.

புற்றுமண், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெப்பம் சீராகும் வரை உணவு கொடுக்காதீர்கள். இரை செரிக்க வெப்பம் வேண்டும். குளிர்ந்த உடலில் அது செரிப்பதற்கு முன்பே அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். அப்படிக் கக்கினால் இரண்டு வாரமாவது வயிற்றுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு வழக்கத்தைவிடச் சிறிய இரையாகக் கொடுங்கள். நல்ல எடையிலிருக்கும் இந்தப் பாம்பு சில வாரங்கள் பசியோடு இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது.

புற்றுமண் (ஏழு வாரம் கழித்து)

தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பரிசோதித்து, நுரையீரல் தெளிவாக இருக்கிறது, மூக்குத் துளையில் பழைய தோல் அடைத்திருக்கிறது என்றார். கண்ணைத் தொட வேண்டாம் என்று அவரும் சொன்னார். வால் வளையம் ஈரத்துண்டிலேயே கழன்றது, நுனி கருக்கவில்லை.

இப்போது படுகை பத்து செ.மீ. ஆழம், மூடியின் முக்கால் பங்கு மூடியிருக்கிறது, ஹீட் மேட்டை எடுத்துவிட்டேன். இரு பக்கமும் ஒவ்வொரு டிஜிட்டல் மானி தரையோடு இருக்கிறது. குளிர்ந்த பக்கத்தில் 76, வெப்பப் பக்கத்தில் 58 என்ற அளவில் நிற்கின்றன. இரண்டுக்கும் இடையிலான இந்த வேறுபாடு முன்பென்றால் என்னைக் கலங்க வைத்திருக்கும்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் கண்கள் மங்கின. மறுநாளே பாசி டப்பாவுக்குள் போனது. தண்ணீர் குடிக்க மட்டும் இரவில் வெளியே வந்தது. இன்று காலை டப்பாவைத் திறந்தபோது, சட்டை வாயிலிருந்து வால்வரை உட்புறம் வெளியே திரும்பிய நிலையில் ஒரே உறையாகக் கிடந்தது. தொட்டால் இன்னும் ஈரமாக, காலுறையைப்போல் மெத்தென்றிருந்தது. தலைப்பகுதியை மெதுவாக விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலப்பக்கம் கண்ணாடி வில்லைபோல் ஒன்று, இடப்பக்கம் சற்றுத் தடித்து மங்கலாக இன்னொன்று. பழைய செதிலும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியே வந்திருக்கின்றன. பாம்பு இப்போது வெப்பப் பக்கத்து மறைவிடத்திலிருந்து தலையை மட்டும் நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கண்களும் தெளிவாக இருக்கின்றன. எடை 602 கிராம். நாளை உணவு கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.